கூட வந்தவர்

அப்பாவின் உடலைக் குளிப்பாட்ட எடுத்து வந்த நீர்மாலைக் குடத்தை மகேந்திரன் தலையிலிருந்து இறக்கி வைத்தான். மழித்த மீசையும் ஈர வேட்டியும் வெற்று மார்புமாக அவன் நின்றதைப் பார்த்து, தாய்மாமன் பழனிச்சாமி தன் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"பெத்தா இவனாட்டம் ஒருத்தனப் பெக்கணும்ப்பா," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அப்பனக் கூட்டிட்டுப் போயி மீனு காட்டியிருக்கான். எங்கள எவன் கூட்டிட்டுப் போறான்? பஸ் ஏத்திவிட்டாலே பெருசு."

"சிலோன்ல பொறந்து, கப்பலேறி வந்து, காலம் பூரா காப்பிப் பழம் பறிச்ச மனுசன்," என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி. "போற நேரத்துலயாவது நல்லதக் கண்ணால பாத்துட்டுப் போனாரே."

சாவு வீட்டில் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. செத்தவருக்குப் போக மிச்சம் பிள்ளைக்கு. நேற்று சாயங்காலம் அப்பா கணபதியின் உடலைக் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து, தாண்டிக்குடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் இறக்கியதிலிருந்து மகேந்திரனுக்கு அது கிடைத்துக்கொண்டே இருந்தது. அவன் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கும், எவ்வளவு அடக்கம் பாரு என்றார்கள்.

அவனை அப்படிப் பார்க்காத ஒரே ஆள் அவன் மகள் தமிழ்மதி. ஏழு வயது. அம்மா சுதாராணியின் சேலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்டு உயிரை வாங்குகிற பிள்ளை. நேற்று மத்தியானத்திலிருந்து அவனிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற வழியில் புதிதாகத் திறந்திருந்த மீன் காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சுதாராணி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகேந்திரன் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பறையில் வேலை பார்த்தான். ஞாயிறு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்த ஞாயிற்றுக்கு முந்தின நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சீப்பு மலைவாழையோடு கணபதி வந்து இறங்கினார்.

அவர் வந்தது மீன் பார்க்க அல்ல. பேத்தியின் வலது புறங்கையில் கொத்தாக மரு முளைத்திருந்தது. களிம்பு தடவியும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட விளையாடும் பிள்ளைகள் அவள் கையைப் பிடிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று போனில் அழுதிருந்தாள்.

"உப்பையும் வெல்லத்தையும் பொட்டணம் கட்டி, மீனு இருக்கிற தண்ணியில பிள்ள கையாலயே போட்டுட்டா முடிஞ்சது," என்றார் கணபதி. "அது கரையக் கரைய மருவும் கரைஞ்சிரும். தெப்பக்குளம்னா விசேசம். இந்த ஊருல எங்க போறது? ஏரி போதும்."

அன்றைக்கே ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுற்றிலும் கம்பி வேலி. படி இருக்கிற இடத்தில் படகுக்கு வரிசை. கணபதி பொட்டலத்தை மறுபடி மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் மீன் காட்சியகத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வேண்டியதாயிற்று என்பதுதான் உண்மை. அதைத்தான் இப்போது பழனிச்சாமி மாமா ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகேந்திரன் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரை அவர் போட்டுக்கொள்ளவில்லை. புதுசு, ஊருக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கறேன் என்றார். காதை மூடிய குரங்குக் குல்லா, மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் எஸ்டேட் கம்பளி. உள்ளே ஒவ்வொரு கண்ணாடியின் முன்னாலும் நின்று, "இது கொழம்புக்கு ஆகுமா தம்பி?" என்று சத்தமாகக் கேட்டார். ஜனம் திரும்பிப் பார்த்தது. மகேந்திரன் மெல்ல நாலடி முன்னால் நடக்கத் தொடங்கினான்.

நடுக்கூடத்தில் கண்ணாடி இல்லாத ஒரு பெரிய தொட்டி இருந்தது. இடுப்பளவுச் சுவர், மேலே கல்லிலிருந்து விழுகிற தண்ணீர், உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கொழுத்த மீன்கள். வந்தவர்கள் வேண்டிக்கொண்டு போட்ட சில்லறை அடியில் கிடந்தது. கணபதிக்கு அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார்.

மகேந்திரன் அதைப் பார்க்கவில்லை. அவன் ரிசார்ட் மேனேஜர் ஆனந்தைப் பார்த்துவிட்டிருந்தான். மனைவியோடும் விருந்தாளிகளோடும் அவர் தொட்டியின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவன் போய் வணக்கம் சொல்லி, இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினான். உங்க அப்பா என்ன பண்றார் என்று அவர் ஒருமுறை கேட்டபோது, எஸ்டேட் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆயிட்டார் சார் என்று சொல்லி வைத்திருந்தான். சுதாராணி அந்த நேரம் கழிவறைக்குப் போயிருந்தாள்.

தமிழ்மதி ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். அவள் கை முழங்கை வரை ஈரமாக இருந்தது. "அப்பா, போட்டாச்சு!" என்றாள்.

அதே நேரம் விசில் சத்தம் கேட்டது. வெல்லத்துக்கு மீன்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் ஒரு பக்கம் பழுப்பாகக் கலங்கியிருந்தது. காவலாளி ஓடி வந்தார்.

"யோவ் பெரியவரே! என்னத்தக் கொட்டுற உள்ள? மீனு செத்துச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"மருவுக்குங்க ஐயா," என்றார் கணபதி, இரண்டு கையையும் கூப்பி. "வெல்லந்தாங்க. கொஞ்சம் உப்பு."

கூட்டம் சிரித்தது. ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். "எங்கேருந்துதான் வராங்களோ," என்று ஆனந்த் சிரித்தார். மகேந்திரனும் சிரித்தான். யாரும் அவனைச் சிரிக்கச் சொல்லவில்லை.

காவலாளி பிள்ளையின் ஈரக் கையைப் பார்த்தார். அவனிடம் வந்தார். "சார், இவரு உங்க கூட வந்தவரா?"

தமிழ்மதி வாயைத் திறந்தாள். மகேந்திரன் அவள் கையை இறுக்கினான். மரு இருந்த கை அது. வலித்திருக்கும்.

"இல்லீங்க," என்றான். "தெரியாது."

கணபதி அவனைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பிறகு காவலாளியின் பக்கம் திரும்பி, துரைகளிடம் பேசிப் பழகிய அதே பணிவோடு சொன்னார்.

"நான் தனியாத்தாங்க வந்தேன்."

சொல்லிவிட்டுக் காவலாளிக்கு முன்னால் அவரே வாசலைப் பார்த்து நடந்தார். செருப்பு தொட்டியோரமே கிடந்தது.

மேனேஜர் போகட்டும், ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மகேந்திரன் நினைத்தான். மேனேஜர் போகவில்லை. வாங்க, சுறாவப் பாத்தீங்களா என்று கண்ணாடிக் குகைக்குள் அழைத்துப் போனார். தலைக்கு மேல் சுறா போயிற்று, வந்தது. தமிழ்மதி திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று அவன் யோசித்து வைத்திருந்தான்: மேனேஜர் இருந்தாருப்பா, அதான். அதற்கு அவர், அதுக்கென்னப்பா, சோலிதான முக்கியம் என்று சொல்லியிருப்பார். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

அவன் வெளியே வந்தபோது சுதாராணி, மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூடுபனிக்குள் சிமெண்டுப் பெஞ்சில், வெறுங்காலோடு, சுவரில் தலை சாய்த்து கணபதி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள்.

மீன் பாத்துட்டு இருந்தாரு, மூச்சு வாங்குதுன்னு வெளிய வந்து உக்காந்தாரு. சுதாராணியிடமும், அம்மாவிடமும், கேட்ட எல்லோரிடமும் அவன் சொன்னது இதுதான். சொல்லச் சொல்ல அது நன்றாகவே வந்தது.

"தள்ளுங்கப்பா, யாரோ மால கொண்டாந்திருக்காக," என்று சத்தம் கேட்டது.

ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். லயத்தில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. மாலையைச் சாத்திவிட்டு, கணபதியின் காலடியில் நெற்றி பட விழுந்தார். எழுந்திருக்கவில்லை. பழனிச்சாமி மாமா போய்த் தூக்க வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்ததும் மகேந்திரன் ஓரடி பின்னால் நகர்ந்தான். சீருடை இல்லாமல் அவர் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

"எம் பேரு செல்வமுருகன்ங்க. மீன் காட்சியகத்துல வாட்ச்மேன். ஐயாவோட மகன் யாருங்க?"

மாமா கையைக் காட்டினார். மீசை இல்லாத முகத்தையும் திறந்த மார்பையும் செல்வமுருகன் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நேராக வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க தம்பி. நாந்தான் அவரச் சத்தம் போட்டேன். நாலு பேருக்கு முன்னாடி வெளிய போன்னு சொன்னேன். வெளிய உக்கார வச்சிட்டு என் சோலியப் பாக்கப் போயிட்டேன். தனியா வந்தேன்னுதான் சொன்னாரு. கூட ஆளு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அப்பிடி விட்டிருப்பனா? டிக்கெட் குடுக்குற பிள்ள சாயங்காலம் சொல்லித்தான், குடும்பத்தோட வந்தவருன்னே தெரியும். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல தம்பி."

பறையடிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். முதலில் அசைந்தவர் பழனிச்சாமி மாமா. செல்வமுருகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஏலே, வயசான மனுசன வெரட்டிக் கொன்னுட்டு, மாலை வேற கொண்டாந்தியா?"

உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகேந்திரனின் அம்மா ஞானம்மா தலை நிமிர்ந்தாள். "தனியா வந்தேன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "பேத்தி கைய விட மாட்டாரே அவரு. ஏன் அப்பிடிச் சொன்னாரு?"

கேள்வி செல்வமுருகனிடம்தான் கேட்கப்பட்டது. ஆனால் எல்லோரும் மகேந்திரனைப் பார்த்தார்கள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவனுக்குப் பட்டது. வார்த்தை தொண்டை வரை வந்தும்விட்டது. வாய் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

"மாமா, விடுங்க. அவர் மேல தப்பில்ல. அவரு வேலையத்தான் பாத்தாரு."

சொன்னது உண்மைதான். உண்மையில் பாதியைச் சொன்னால் அது எவ்வளவு அழகாக இருக்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமாவின் பிடி தளர்ந்தது. ராக்காயி வாய்விட்டு அழுதாள். "அப்பங் கொணம் அப்பிடியே இருக்கு பாரு," என்றாள். அவள் சொன்னது மகேந்திரனுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. தன் உடம்பின் மேலேயே அவனுக்கு அருவருப்பாக வந்தது.

செல்வமுருகன் அவன் கையை விடவில்லை. "நீங்க நல்லா இருக்கணும் தம்பி, உங்க பிள்ள குட்டி நல்லா இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தேடினார். சுவரோரம் தமிழ்மதி நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிறகு தலையை மட்டும் நீட்டி, அவரைப் பார்க்காமல், தன் அப்பாவைப் பார்த்தாள்.

செல்வமுருகனும் அவனைப் பார்த்தார். இந்தத் தடவை மழித்த முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார்.

அவர் கை மெல்லத் தளர்ந்தது. மகேந்திரன் காத்திருந்தான். சொல்லிவிடட்டும், இவர் வாயாலாவது வந்துவிடட்டும் என்றுகூட நினைத்தான். செல்வமுருகன் ஞானம்மாவைப் பார்த்தார். ஏன் அப்பிடிச் சொன்னாரு என்ற கேள்வி அவள் முகத்தில் இன்னும் இருந்தது.

"தெரியலையே தாயி," என்றார் அவளிடம். பிடித்திருந்த கையைத் தன் பேண்டில் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் போனார்.

"நேரமாவுது, தூக்குங்கப்பா," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஞானம்மாவைப் பிடித்து விலக்கினார்கள். பறை மறுபடி தொடங்கியது. கொள்ளிச்சட்டியை மகேந்திரன் கையில் கொடுத்தார்கள்.

"அந்த ஆளு எங்கப்பா?" என்று மாமா கேட்டார். "ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டான்?"

"எழவு வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லுவாகளாக்கும்?" என்றாள் ராக்காயி.

"அதுஞ் சரிதான்," என்றார் மாமா.

சுடுகாட்டுக்கு ஜீப் பாதையிலேயே கீழே இறங்கிப் போக வேண்டும். மகேந்திரன் சட்டியோடு முன்னால் நடந்தான். முதல் வளைவுக்கு முன்பே செல்வமுருகன் தென்பட்டார். பறைச் சத்தம் கேட்டு, வழிவிட்டு, காப்பிச் செடிகளை ஒட்டி ஒதுங்கி நின்றார். மகேந்திரன் கடந்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின.

கொண்டை ஊசி வளைவில் பாதை திரும்பியபோது மேல் சாலை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பாடை இப்போதுதான் செல்வமுருகனைக் கடந்துகொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி நின்றார். மகேந்திரன் சட்டியைக் கை மாற்றிக்கொண்டு இறங்கினான்.