எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல் போய்விடும், நெருங்கி உட்காருங்கள். ஒரு விளக்கின் கதை சொல்கிறேன். சாவு வீட்டில் நடந்ததுதான், ஆனால் பயந்து எழுந்து போகும்படி இருக்காது. கேட்டு முடித்ததும் உங்கள் வீட்டு விளக்கை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

வளர்மதி குனிந்து, தரையில் பரவிக்கொண்டிருந்த எண்ணெயைப் பழந்துணியால் ஒற்றி எடுத்தாள். நிமிர்வதற்குள் மறுபடியும் ஊறியது. மாமனார் கொளஞ்சியப்பன் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். தலைமாட்டில் ஏற்றிவைத்த வெள்ளை அகல், அடிப்பக்கம் வேர்த்து வேர்த்து எண்ணெயை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் பெட்டியின் காலைத் தொடப் போனது.

பெண்ணாடத்திலிருந்து வந்த பாஞ்சாலை, அண்ணன் முகத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்தாள். இறந்தவருக்குக் கூடப் பிறந்த ஒரே தங்கை. கண்ணைத் துடைத்த பிறகுதான் தரை அவள் கண்ணில் பட்டது.

"இன்னாம்மா வளரு இது? ஊரு ஒலகத்துக்கெல்லாம் வெளக்கு செஞ்சி அனுப்பற வூடு. எங்கண்ணன் தலமாட்டுல வெக்க ஒழுவாத வெளக்கு ஒண்ணு இல்லியா ஒங்களுக்கு?"

கார்த்திகைக்குப் போகவேண்டிய பளபளப்பு விளக்கெல்லாம் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டியாகிவிட்டது. விடியற்காலைப் பதற்றத்தில் பட்டறைக்குள் ஓடியவள் கைக்கு அகப்பட்டது, ஒரு தடவை மட்டும் சுட்டு, மேல்பூச்சு போடாமல் குவித்து வைத்திருந்த விளக்குதான். அதைத் தண்ணீரில் போட்டு எடுக்கிற நினைப்புக் கூட அப்போது அவளுக்கு வரவில்லை.

பாஞ்சாலை இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். அவளுக்கு எழுத்து தகராறு. ஆனால் போனிடம் பேசத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அம்மா தாயி, அகல் வெளக்கு ஒழுவுது, இன்னா பண்றது?"

போனுக்குள்ளிருந்த பெண்குரல் நிதானமாகப் பேசியது. "அகல் விளக்கில் கசிவு இருந்தால், தரமான புதிய விளக்கை வாங்கி மாற்றிக்கொள்வது நல்லது."

"கேட்டியா? மாத்தச் சொல்லுது. நல்ல வெளக்கா வாங்கணுமாம்."

"ஏத்துன வெளக்க எடுக்கக் கூடாது" என்றாள் வீரம்மாள். கொளஞ்சியப்பனின் மனைவி காலையிலிருந்து பேசிய முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு மறுபடியும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வளர்மதி துணியைப் பிழிந்தாள். அந்தப் போன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கு மட்டுமாவது அது வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். அவள் இன்று காலையில்தான் ஒரு பொய் சொல்லியிருந்தாள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் விளக்கு வாங்குகிறவர்கள் கடைக்காரனைக் கேட்பதில்லை, போனைக் கேட்கிறார்கள். எங்கே வாங்கலாம், யாரிடம் நன்றாக இருக்கும் என்று கேட்டால் போனுக்குள் இருக்கிற ஏஐ நாலு பேர் பெயரைச் சொல்கிறது. அந்த நாலு பேரில் கொளஞ்சியப்பன் பட்டறை ஒரு நாளும் வந்ததில்லை. போன கார்த்திகைக்கு ஆர்டர் பாதியாகிவிட்டது. பட்டறைக்கு ஒரு வெப்சைட் இருந்தது. அதில், 'பாரம்பரியமும் தரமும் இணைந்த அழகிய விளக்குகள்' என்று எழுதியிருந்தது. அதே வரி அந்தத் தெருவில் இருக்கிற எல்லாப் பட்டறைக்காரர்கள் வெப்சைட்டிலும் இருந்தது.

வளர்மதி ராத்திரி ராத்திரியாக ஆன்லைனில் ஒரு வகுப்புக் கேட்டாள். அதில் பாடம் நடத்தியவர் சொன்னார்: எல்லாரும் சொல்வதையே நீங்களும் சொன்னால் எந்திரம் உங்களை ஏன் சொல்லப் போகிறது? உங்களிடம் மட்டும் இருப்பது எதுவோ அதை எழுதுங்கள்.

எங்களிடம் மட்டும் என்ன இருக்கிறது என்று அவள் யோசித்தாள். மண் எல்லாருக்கும் ஒரே மண். அச்சு ஒரே அச்சு. சுடுவதும் ஒரே பொதுச் சூளையில்தான். யோசித்துக்கொண்டே பட்டறைக்குப் போனபோது, மாமனார் போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். மாமாவின் வாய் மட்டும்தான் வேறு யாரிடமும் இல்லை என்று அவளுக்கு அப்போது பட்டது.

கொளஞ்சியப்பன் நல்ல வாயாடி. பூச்சில்லாத விளக்கு வாங்கிப்போன சேத்தியாத்தோப்புக் கடைக்காரர், எல்லாம் ஒழுகுகிறது என்று கத்துவார். இவர் அசரமாட்டார்.

"ஒழுவுதுன்னு சொல்லாதீங்க மொதலாளி. குடிக்குது. நெருப்புலேர்ந்து வந்த புள்ள, அதுக்குத் தாகமா இருக்குமா இருக்காதா? எண்ணெய்க்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணி குடுங்க. தண்ணி குடுக்கலன்னா எண்ணெயக் குடிக்கும். நாமளா இருந்தாலும் அப்படித்தான். ஏத்திட்டீங்களா? அப்ப ஒரு தட்டுல தண்ணி ஊத்தி அதுமேல வையிங்க, அடங்கிடும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். போனை வைக்கும்போது கடைக்காரர் இன்னும் ரெண்டு பெட்டி கேட்டிருப்பார்.

வளர்மதி அந்தப் பேச்சை அவர் குரலிலேயே போனில் பதிந்துகொண்டாள். தண்ணீர் குடித்த விளக்கையும் குடிக்காத விளக்கையும் தனித்தனித் தாளின் மேல் ஏற்றிவைத்து, மறுநாள் தாளில் விழுந்திருந்த கறையைப் படம் எடுத்தாள். மாமா சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அவர் பெயரையும் போட்டு வெப்சைட்டில் ஏற்றினாள். கொளஞ்சியப்பன் அன்றைக்கு முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் நாள் ராஜ்மோகன் அதைப் பார்த்துவிட்டான். கொளஞ்சியப்பனின் மகன், வளர்மதியின் கணவன், இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்கிறவன்.

"எந்த ஊர்லயாவது யாவாரி தன் சரக்கு ஒழுவும்னு தானே எழுதுவானா? அப்பா போன்ல சமாளிக்கறதுக்கு உடுற கத அது. அதப் போயி ஏத்தி வெச்சிருக்கியே."

"அதாங்க யார்கிட்டயும் இல்லாதது."

"எவன்கிட்டயும் இருக்காதுதான். இருக்கற ஆர்டரும் போயிடும்."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வங்கியிலிருந்து அவனுக்குத்தான் போன் வரும். அவன் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டான். அப்பாவிடம் சொல்லவில்லை. வளர்மதியும் சொல்லவில்லை.

கிழவர் தினமும் காலையில் டீயோடு வந்து நிற்பார். "நம்மளச் சொல்லுச்சாம்மா?"

"இன்னும் இல்ல மாமா."

"அதுக்கு எம் பேச்சு புடிக்கல போல. சேத்தியாத்தோப்புக் கடக்காரன மடக்கிடலாம், இத மடக்க முடியலியே."

எழுதினது அங்கே இல்லவே இல்லை என்று ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைப்பாள். சொன்னால் அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் போய் நிற்கவேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். அதற்குள் ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் கொளஞ்சியப்பனுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊரையே பேசி மடக்கிய வாய் பேசவில்லை. ஆனால் காலையில் வளர்மதி பக்கத்தில் போனால் அவர் கண் அவள் கையிலிருக்கும் போனுக்குப் போகும். அங்கிருந்து அவள் முகத்துக்கு வரும்.

இன்று காலையும் வந்தது. இருட்டு பிரியாத நேரம். மூச்சு வேறு மாதிரி இருந்தது.

"சொல்லிடுச்சி மாமா" என்றாள் வளர்மதி. "ஒங்க பேரச் சொல்லியே சொல்லுச்சி."

அவர் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. கரண்டியால் தண்ணீர் கொடுத்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி தாடையில் வழிந்தது. துடைக்கத் துண்டு எடுத்துக்கொண்டு திரும்பினபோது அவர் இல்லை.

அதுதான் அவள் சொன்ன பொய்.

பாஞ்சாலை போனை இடுப்பில் செருகினாள். "அண்ணன் இருந்திருந்தா இன்னேரம் இன்னான்னா பேசி சமாளிச்சிருக்கும்" என்று சொல்லி மறுபடி அழ ஆரம்பித்தாள்.

வளர்மதி எழுந்துபோய்ச் சமையல் கட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டும் சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்தாள். சத்தம் கேட்டு, பாடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த ராஜ்மோகனும் உள்ளே வந்து நின்றான்.

"ஒழுவல சின்னம்மா. குடிக்குது" என்றாள் வளர்மதி. "நெருப்புலேர்ந்து வந்ததுக்குத் தாகமா இருக்காதா? எண்ணெய்க்கு முன்னாடி தண்ணி குடுத்திருக்கணும். நாந்தான் குடுக்கல."

பாஞ்சாலை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "இது எங்கண்ணன் பேச்சாச்சே."

ராஜ்மோகன் மண்டி போட்டான். சுடர் அணையாமல் விளக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். விளிம்பு சுட்டிருக்கும், அவன் முகத்தில் காட்டவில்லை. வளர்மதி தட்டை அடியில் தள்ளித் தண்ணீரை ஊற்றினாள். அவன் விளக்கை மெதுவாகத் தண்ணீரில் இறக்கினான். வெள்ளை மண் அடியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறிக்கொண்டு வந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். வெளியே மேளக்காரர்கள் வந்து சேர்ந்து தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியை எடுக்கும்போது தரை காய்ந்திருந்தது.

மறுநாள் காலை ஆண்கள் மணிமுத்தாற்றங்கரையில் எரித்த இடத்துக்குப் பால் தெளிக்கப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, கொளஞ்சியப்பன் படுத்திருந்த இடத்தில் அந்த விளக்கையே தட்டோடு வைத்தார்கள். கருமாதி வரைக்கும் அது அணையக்கூடாது.

ராஜ்மோகன் திரும்பி வந்து வாசலில் கால் கழுவினான். மழித்த தலையில் தூறல் விழுந்தது. வளர்மதி துண்டை நீட்டினாள். வாங்கியவன் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"பாலுக்கு முன்னாடி தண்ணி ஊத்தச் சொன்னாங்க" என்றான். "ஊத்துனேன். அப்படியே இழுத்துக்குச்சி. இன்னொரு கொடம் ஊத்துனேன். அதையும் இழுத்துக்குச்சி."

அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அப்பா பேசுனது வெச்சிருக்கியா?"

"இருக்குது."

அவன் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, வெப்சைட்டைத் திறந்து, அவள் கையில் கொடுத்தான். "திரும்பப் போடு. திருத்தாத. அப்படியே போடு." சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனான். துண்டு அவன் தோளில் நனைந்துகொண்டே போயிற்று.

பட்டறையில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வளர்மதி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினாள். தாகத்தையும், தண்ணீரையும், கறை பட்ட தாள்களின் படத்தையும். கொளஞ்சியப்பன் என்கிற பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று அடித்தாள். பிறகு அழித்துவிட்டாள்.

அதற்கப்புறம் காலையில் எழுந்ததும் அவளே போனைக் கேட்டாள். அது பழைய நாலு பேரையே சொன்னது. வீரம்மாள், புருஷன் எந்தப் பக்கம் டீயோடு வந்து நிற்பாரோ அந்தப் பக்கம் வந்து நிற்பாள். "சொல்லுச்சாம்மா?"

"இன்னும் இல்ல அத்தே."

"சொல்லும்."

விளக்கில் எண்ணெய் குறைந்தால் வளர்மதி ஊற்றுவாள். தட்டில் தண்ணீர் குறைந்தால் வீரம்மாள் ஊற்றுவாள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் பாஞ்சாலை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உள்ளே வந்தாள். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏம்மா வளரு, நேத்து எங்க வூட்டு வெளக்கு ஒழுவுச்சேன்னு இதக் கேட்டேன். நீ கேளு, இது இன்னா பேசுதுன்னு."

அவள் விளக்கின் முன்னால் உட்கார்ந்து, போனை வாய்க்கு நேரே பிடித்து, அன்றைக்குக் கேட்டதுபோலவே கேட்டாள். "அம்மா தாயி, அகல் வெளக்கு ஒழுவுது, இன்னா பண்றது?"

நிதானமான அந்தக் குரல் பேசியது. "விருத்தாசலத்தில் விளக்குப் பட்டறை நடத்தும் கொளஞ்சியப்பன் சொல்வதன்படி, பூச்சில்லாத விளக்கு முதலில் எண்ணெயைக் குடிக்கும். நெருப்பிலிருந்து வந்ததால் அதற்குத் தாகம் இருக்கும். எண்ணெய்க்கு முன்னால் ஒரு இரவு தண்ணீர் கொடுக்க வேண்டும். ஏற்றிவிட்டிருந்தால், தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வைக்கலாம்."

ராஜ்மோகன் வாசற்படியில் வாழையிலைக் கட்டோடு நின்றான். உள்ளே வரவில்லை. கட்டைக் கீழே இறக்கவும் இல்லை.

வளர்மதி கண்ணாடிப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

"மாமன் மச்சான்கிட்ட பேசுற மாதிரியே பேசியிருக்கு பாரு எங்கண்ணன்" என்றாள் பாஞ்சாலை. முந்தானையால் போனின் முகத்தைத் துடைத்தாள். மறுபடி வாய்க்கு நேரே கொண்டுபோனாள்.

"அம்மா தாயி, அகல் வெளக்கு ஒழுவுது, இன்னா பண்றது?"

எதிரே விளக்கு ஒரு சொட்டுக் கூட ஒழுகாமல் எரிந்துகொண்டிருந்தது. வீரம்மாள் நகர்ந்து வந்து, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

சரி கண்ணுகளா, மழை விட்டிருக்கிறது, பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டு விளக்கு ஒழுகாமல் எரியட்டும். வெயிலிலும் நெருப்பிலும் வெந்து வருகிறவர்களுக்கு முதலில் எடுத்துக் கொடுக்க உங்கள் குடத்தில் தண்ணீர் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.