கடைசி ஆள் வரும்வரை

“மூடட்டுமா?” என்று கேத்ரின் இரண்டாம் தடவை கேட்டபோதும் விமலா கணவரின் சவப்பெட்டி மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மயானத்து மண்டபத்துக்குப் பொறுப்பான கேத்ரின் பொறுமையான பெண்தான். ஆனாலும் அவளுடைய கண் சுவர் மணிக்கூட்டுக்குப் போய் வந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

தேவாரம் பாடியாயிற்று, வாய்க்கரிசியும் போட்டாயிற்று. பெட்டியை மூடினால் மகன் துஷாந்த் உள்ளே போய்த் தகன அடுப்பின் பொத்தானை அமத்துவது ஒன்றுதான் மிச்சம். ஐயர் பையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அம்மா, பன்னிரண்டுக்கு அடுத்த ஆக்களின்ர சேர்விஸ். கார் பார்க்கில வந்து நிக்கினம்,” என்றான் துஷாந்த்.

“சிறிதரன் எங்க வாறாராம்?”

“மெல்பேர்ண் பிளேன் பிந்திப்போச்சு. இப்பதான் டாக்ஸியில வாறார். பன்னிரண்டேகால் ஆகுமாம்.”

“அப்ப நிப்பம்.”

“அம்மா, அவர் ஒரு வருஷமா அப்பாவோட கதைக்கவே இல்லை.”

அது பொய்யில்லை. பெட்டிக்குள் படுத்திருக்கும் நித்தியானந்தனும் மெல்பேர்ண் கிளேட்டனில் இருக்கும் அவருடைய நண்பர் சிறிதரனும் பதினாலு வருடம் ஜூலை மாதம் முழுவதும் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் சண்டை பிடித்தவர்கள். பிரான்ஸில் மூன்று கிழமை நடக்கும் சைக்கிளோட்டம்தான் விஷயம். இங்கே சாமத்தில் டீவியில் போவதை இருவரும் பதிவு செய்துவைத்து விடியப் பார்ப்பார்கள். அதுவரை வீட்டில் யாரும் முடிவைச் சொல்லக்கூடாது, ரேடியோ போடக்கூடாது. தொலைபேசியில் முதல் கேள்வி எப்போதும் “பாத்திட்டியே?” என்பதுதான். ஒருவர் பார்க்காவிட்டால் மற்றவர் வாயே திறக்கமாட்டார். விமலாவுக்கு அந்த ஓட்டத்தில் ஒரு மண்ணும் விளங்கியதில்லை. ஆனால் ஒன்று தெரியும்: வென்றவனுக்குக் கை தட்டி முடிந்த பிறகும் நித்தி டீவியை நிப்பாட்ட விடமாட்டார். முதல் ஆள் வந்து இத்தனை நிமிடத்துக்குள் சேராதவனை அடுத்த நாள் ஓட விடமாட்டார்களாம். கடைசி ஆள் அந்தக் கட்டுக்குள் வந்து சேரும்வரை அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

போன ஜூலையில் ஒரு மலை இறக்கத்தில் யாரோ ஒருவன் விழுந்தான். அவனோடு போட்டியில் இருந்தவன் நிற்காமல் ஓடிப் போய் வென்றான்.

“மூண்டு கிழமை ஒண்டா ஓடுறவங்கள். விழுந்தவனை விட்டிட்டு ஓடி வெல்லுறது ஒரு வெற்றியே?” என்றார் நித்தி.

“காத்து நிக்கிறதெண்டா அது ஊர்வலம் மச்சான், பந்தயமில்லை,” என்றார் சிறிதரன், ஸ்பீக்கரில்.

“நீ ஆருக்கும் நிக்கமாட்டாய் எண்டு எனக்குத் தெரியுமடா.”

மறுமுனையில் போன் அப்படியே வைக்கப்பட்டது. அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெடியன் பிரேக் பிடிக்காததற்கு இரண்டு கிழடுகள் ஒரு வருடம் பேசாமல் இருந்தார்கள். நினைக்க நினைக்க விமலாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

இந்த வருடம் ஓட்டம் தொடங்கும்போது நித்தி பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒன்பது மணியானால் கைபேசியைத் தலையணையில் வைக்கச் சொல்வார்.

“நான் சிறிதரனுக்குப் போன் எடுத்துச் சொல்லட்டே?” என்று விமலா கேட்டாள்.

“வேண்டாம். சாகப்போறன் எண்டு சொல்லியே ஆளைக் கூப்பிடுறது? தானா எடுக்கட்டும்.”

அவள் கேட்டு நடந்தாள். அதுதான் பிழை. செத்த பிறகுதான் அவள் போன் எடுத்துச் சொன்னாள். சிறிதரன், “நித்தி எடுப்பான் எண்டு நானெல்லோ ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்குப் போனைப் பாத்துக்கொண்டிருந்தனான்,” என்றார். இதற்கு மேலும் ஒரு பிழை விட அவளால் முடியாது.

விமலா மூடியிலிருந்து தன் கையை எடுத்து, துஷாந்தின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். “நான் வரும்வரைக்கும் எடுக்காதை,” என்றுவிட்டு வெளியே நடந்தாள்.

கார் பார்க்கில் கறுப்பு உடுப்போடு ஒரு கூட்டம் நின்றது. நடுவில் ஒரு கிழவி கதிரையில் இருந்தாள். லெபனான்காரியாக இருக்கவேண்டும். விமலா அவளுக்கு முன்னால் குனிந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “என் கணவருடைய நண்பர். பிளேன் லேட்,” என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. கிழவி பக்கத்தில் நின்ற மகனிடம் தன் பாஷையில் ஏதோ கேட்டாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“இருபது நிமிடம் தருகிறோம்,” என்றான்.

உள்ளே வந்தபோது ஐயர் முகத்தைச் சுளித்தார். விமலா மகனின் கையை எடுத்துவிட்டுத் தன் கையை மூடியில் வைத்தாள். பன்னிரண்டு அடித்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். பத்து நிமிடம் போனது. அவள் வாசலைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டையே பார்த்தாள்.

கதவு திறந்தது. சிறிதரன் சில்லு வைத்த பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“பதின்மூண்டு நிமிஷம் பிந்திட்டியள்,” என்றாள் விமலா. “பரவாயில்லை. கட்டுக்குள்ளதான்.”

சிறிதரன் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நித்தியின் காதுப்பக்கமாகக் குனிந்தார். பக்கத்தில் நின்ற விமலாவுக்கு மட்டும் கேட்டது.

“நேற்றைய ஓட்டம் நான் இன்னும் பாக்கேல்லை மச்சான்.”

விமலா மூடியிலிருந்து கையை எடுத்தாள்.