செவலை தீனி எடுக்கவில்லை

"செவல தீனி எடுக்க மாட்டேங்குதுப்பா" என்று பன்னீர்செல்வம் போனில் மறுபடி மறுபடி சொல்லவும், மகன் கலைவாணன் ஒரு மாட்டு டாக்டரை ஏற்பாடு செய்தான். மாட்டுக்கு. பார்வதத்துக்கு அப்போதே சுருக்கென்றது.

மார்ச்சில் பேரன் பிறந்தநாளுக்கென்று மகனின் கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள் அவள். ரெண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லித்தான் படாளத்தில் கணவனையும் மாட்டையும் விட்டு வந்தாள். ஊரடங்கு வந்தது. ஜூலை ஆகியும் ஊர் திரும்ப வழியில்லை. அவளுடைய போன் பேரனின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது. கணவனிடம் பேச வேண்டுமானால் மகன் வேலை முடிந்த பிறகு, அவன் போனில், ஸ்பீக்கரில், எல்லோர் எதிரிலும்தான்.

"சாப்டீங்களா?"

"ம்."

அவ்வளவுதான். பெற்ற பிள்ளையின் எதிரில் "நீ இல்லாம முடியல" என்று சொல்லும் ஆம்பளையா அவர்?

டாக்டர் கேசவன் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்துக்காரர். படாளம் போய்வந்து சாயங்காலம் கூப்பிட்டார்.

"மாடு ஜோரா கீது சார். ஒரு கொறையும் இல்ல."

"பாத்தியாம்மா?" கலைவாணன் எரிச்சலாகச் சிரித்தான். "அப்பா சும்மா பொய் சொல்லிக்கிட்டிருக்காரு. அவருக்கு வேற வேலை இல்ல."

பார்வதம் போனை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"டாக்டரே, மாட்ட வுடுங்க. அவரு எப்டி கீறாரு?"

"வூடு பூட்டிக் கெடக்குதும்மா. மாட்டுக் கொட்டாய்லயே படுத்துக்கினு கீறாரு. பாதியா எளச்சுட்டாரு. என் கையப் புடிச்சவரு வுடவே இல்ல. நான் கெளம்பறேன்னாலே வேற ஒரு கதைய ஆரம்பிக்கிறாரு."

பார்வதம் மகன் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பாஸ் வாங்கு."

"எத்தன தடவம்மா சொல்றது? கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி. இதுக்குத்தான் தர்றாங்க."

"ஆஸ்பத்திரின்னு போடு."

"அவருக்கு ஜுரமா, சளியா? இன்னா நோய்னு போடறது?"

"தனியாக் கெடக்குறாருன்னு போடு!"

"அதெல்லாம் ஒரு நோயாம்மா? உனக்குச் சுகர் இருக்கு. உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்..."

"என் நல்லதா? மாடு தின்னலன்னு சொன்னாரு, அன்னிக்கே டாக்டரத் தேடுன. 'நான் தின்னல'ன்னு அவரு சொல்லியிருந்தா? 'ஓட்ஸ் கரைச்சுக் குடிங்கப்பா'ன்னு சொல்லிட்டு வெச்சிருப்ப. அது தெரிஞ்சுதான்டா மாட்டு மேல போட்டுச் சொன்னாரு. சாவுன்னாத்தான் பாஸ் கெடைக்குமா? அது வரைக்கும் காத்துக்கினு இருக்கணுமா நானு?"

சமையலறையில் மருமகள் ஹரிப்ரியா குழாயை நிறுத்தினாள். கலைவாணன் முகம் வாடியதைப் பார்த்தும் பார்வதத்துக்கு இரக்கம் வரவில்லை.

"டாக்டரே, லைன்ல கீறீங்களா? மறுபடி படாளம் போவணும் நீங்க."

"மாடு நல்லாத்தான கீதும்மா?"

"நாளைக்கு அதுக்குத் தீனி எறங்காது. நான் சொல்றேன்."

கேசவன் சிரித்துவிட்டார். "காலைல வண்டி வரும். டவுன்ஷிப் கேட்டாண்ட நில்லுங்க. மாஸ்க் போட்டுக்கினு வாங்க."

செங்கல்பட்டுச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த கால்நடை அவசரச் சீட்டைப் பார்த்தார்; முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்தார்.

"இது யாரு?"

"மாட்டுக்காரம்மா" என்றார் கேசவன்.

படாளத்தில் செவலை நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாக்கு விரித்துக் கிடந்த பன்னீர்செல்வம் எழுந்து உட்கார்ந்தார். தாடி நரைத்து வளர்ந்திருந்தது. அவளை நம்பாதவர் போலப் பார்த்தார்.

"எப்டி வந்த?"

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு வந்தேன்." அவள் குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்து அவர்மேல்தான் பாய்ந்தாள். "யோவ், வாடின்னு ஒரு வார்த்த சொன்னா வாய் முத்து உதுந்துடுமா? வாயில்லாத ஜீவன் மேல பழிய போடற. வெக்கமா இல்ல?"

அவர் மாட்டைத் தடவினார். தலை நிமிரவில்லை.

"எனக்குத்தான் எறங்கலடி" என்றார். "அடுப்பாண்ட போனா நெஞ்ச அடைக்குது."

தொழுவத்து மூங்கிலில் தொங்கிய பையில் அவருடைய போன் அடித்தது. மகன்தான். அவர் எடுக்கப் போனார்.

"அடிக்கட்டும் வுடு" என்றாள் பார்வதம், அவரைக் கைபிடித்துத் தூக்கியபடி. "மொதல்ல வூட்டத் தொற."