இங்கே குப்பை கொட்டியவர்

மெத்தைக்கடை சர்தார் தன் வாழ்நாளில் முதல் முறையாக பிளெக்ஸ் பேனரில் வந்தார். அதுவும் சின்ன பேனரா? பதினைந்தடி உயரம், பாலக்கோடு ரோட்டில், ஏரிக்கரைக் குப்பைமேட்டுக்கு நேர் எதிரில். கடையில் வருடா வருடம் இலவசமாகக் கொடுக்கிற காலண்டரிலிருந்து படத்தை எடுத்திருந்தார்கள். படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. பக்கத்தில் எழுதியிருந்ததுதான் சரியில்லை: 'இங்கே குப்பை கொட்டியவர்: மெத்தைக்கடை சர்தார்.'

அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் அன்ஜுமுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஜாவீத் வீட்டார் பாலக்கோட்டிலிருந்து வேன் பிடித்து இதே ரோட்டில்தான் வர வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா நஜ்மாவோ, பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துத் தூசி பார்த்தவர். அந்த அம்மாள் கண்ணில் இது பட்டால் வேன் அப்படியே திரும்பிவிடுமே என்பதுதான் சர்தாரின் கவலை.

விஷயம் இதுதான். வருடக்கணக்காகச் சேர்ந்த குப்பைமேட்டை அள்ள அரசாங்கம் நிதி கொடுத்தது. ஜேசிபி வந்தது, குப்பையைச் சலிக்கிற மெஷின் வந்தது. இவர்கள் ஒரு பக்கம் அள்ள அள்ள, ஊர் மறுபக்கம் கொண்டுவந்து கொட்டியது. என்ன ஜனங்களோ! கொட்டுகிற ஆளைக் கண்டுபிடித்து பேனரில் போட்டு மானத்தை வாங்குங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. சுகாதார ஆய்வாளர் மாதவராஜ் கையுறை மாட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாகப் பிரித்தார். எல்லாவற்றிலும் ஒரே பேர்.

சர்தார் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு குப்பைமேட்டுக்கே ஓடினார்.

"சார், நான் பஞ்சுத் தூசியக்கூட வெளிய போடறவன் இல்லைங்க. அதையும் தலகாணிக்குள்ள வெச்சுத் தெச்சு வித்துருவேன்!" என்று பதற்றத்தில் தொழில் ரகசியத்தை உளறினார்.

"ஆதாரம் இல்லாம நான் பேசமாட்டனுங்க பாய். முப்பத்தேழு மூட்ட. முப்பத்தேழுலயும் உங்க பேரு, உங்க விலாசம்" என்று மாதவராஜ், ஆதாரங்களைச் சேர்த்து வைத்திருந்த சாக்கைக் கவிழ்த்தார்.

விழுந்தவை அத்தனையும் அன்ஜுமின் நிக்காஹ் பத்திரிகைகள். வீடு வீடாக ஏறி இறங்கி, சர்தார் இரண்டு கையாலும் கொடுத்தவை. தங்க எழுத்தின் மேல் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"அடப்பாவிங்களா! கல்யாணமே இன்னும் ஆவலையேடா, அதுக்குள்ளயா?"

பேனரைவிட இது அவருக்கு அதிகமாக வலித்தது. கவர்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் அவரே எழுதிய பெயர். கோவிந்தன் குடும்பத்தினர். முனிராஜ் குடும்பத்தினர். இந்த முனிராஜ், 'பிரியாணிதானே பாய்?' என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட ஆள். அதற்கடியில் இருந்த கவரை சர்தார் வாய்விட்டே படித்தார்.

"உயர்திரு மாதவராஜ், சுகாதார ஆய்வாளர் அவர்கள்."

மாதவராஜ் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "வூட்ல தெரியாம போட்டுட்டாங்களாட்டம் இருக்குதுங்க பாய். தேதி மனசுலயே இருக்குது..."

"அப்ப பேனரக் கழட்டுங்க."

"அது முடியாதுங்களே. போட்டோ மேல போயிருச்சு. திங்கக்கிழம அதிகாரி நேர்ல வந்து பாக்கறாரு. ஒரு எழுத்து அழிஞ்சாலும் எனக்கு மெமோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அழிக்கக்கூடாதுங்க. சேக்கக்கூடாதுன்னு ஆர்டர்ல இல்ல. கீழ ஆறடி காலியாத்தான் கெடக்குது."

என்னத்தைச் சேர்ப்பது? 'இது பொய்' என்றா? வீட்டுக்கு வந்து மனைவி ஜான் பீயிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"குப்ப கொட்டினவரு நீங்களா? முப்பது வருசமா உங்களோட குப்ப கொட்டினவ நானு! பேனரு மட்டும் உங்களுக்கா?"

சர்தார் உடனே பெயிண்ட் டப்பாவைத் தேட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தியை வரவேற்க மாலையோடு ரோட்டிலேயே போய் நின்றார். வேன் வந்தது. பேனரைப் பார்த்ததும் நஜ்மா நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

இங்கே குப்பை கொட்டியவர்: மெத்தைக்கடை சர்தார்.
முப்பது வருடமாக இவரோடு குப்பை கொட்டியவர்: ஜான் பீ.
இன்று முதல் சேர்ந்து குப்பை கொட்டப் போகிறவர்கள்: ஜாவீத், அன்ஜும்.
அனைவரும் வருக!

சர்தார் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நஜ்மா திரும்பி, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த தன் கணவர் அப்துல்லாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரஷ்ஷு இருக்குதுங்களா பாய்?"

"எ... எதுக்குங்க?"

"இருவத்தெட்டு வருசமா இந்த மனுசனோட நானும்தான் கொட்டிக்கிட்டிருக்கறேன். எம்பேரையும் போடுங்க. பெருசாவே போடுங்க."

சர்தாருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. பிரஷ் ஸ்கூட்டரிலேயே இருந்தது.