நோன்பு திறக்கும் நேரத்து வால்வு

ஒரு வால்வுச் சக்கரத்துக்காக நாற்பது பேர் அடித்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு பேர்தான் என்று தொழிற்சாலைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். அதை எழுதியவன் பயந்துபோய் மேசைக்கடியில் கிடந்தான். அங்கிருந்து தரையில் நின்ற கால்களைத்தான் எண்ண முடியும். அந்த நேரத்தில் பாதிப் பேர் காற்றில் பறந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் அரபு நாட்டு டெல்டாவில் கால்வாய் ஓரமாக நிற்கும் மருந்துத் தொழிற்சாலை அது. கிருமிகளைக் கொல்லும் மருந்தைக் காய்ச்சும் இடம். நான் இருபத்தெட்டு வருடம் அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொண்டேன். கழிவுநீர் முழுக்கப் பின்பக்கத்துப் பெரிய தொட்டிக்கு வரும். தொட்டியில் வளர்க்கிற நல்ல கிருமிகள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். தெளிந்த தண்ணீர் கால்வாயில் விழுந்து பக்கத்து ஊர் வயல்களுக்குப் போகும்.

அந்தத் தொட்டிக்குப் பொறுப்பாளன் அந்த ஊர்க்காரன் பய்யூமி. ஆள் ஒல்லி. ஆனால் அவன் கைகுலுக்கினால் மோதிரம் வளைந்துபோகும். தன் வீட்டு எருமையின் சாணத்தைக் கரைத்து ஊற்றித்தான் அந்தக் கிருமிகளை வளர்த்தான். ஊர் முழுக்கக் காலையில் ரொட்டியில் தொட்டுத் தின்கிற கரும்புப் பாகை அவன் பீப்பாய் பீப்பாயாகத் தொட்டியில் கொட்டுவான்.

போன வருட ரமலானில் தொட்டி செத்தது. மருந்துக் குழம்பு கெட்டுப்போனால் டேங்கரில் ஏற்றி எரிப்பு உலைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினால் வருடாந்திரச் சுற்றுச்சூழல் அறிக்கையில் அதற்கு ஒரு வரி ஏறும். உற்பத்திப் பிரிவின் தலைவர் இஞ்சினியர் நஷாத்துக்கு அந்த வரி பிடிக்காது. நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி வெடித்ததும் வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லோரும் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கால் மணி நேரம் எங்கள் நாட்டில் ஒரு யானையைத் திருடிக்கொண்டு போகலாம். நஷாத் அப்போது ஓர் ஆளை ஏவிச் சாக்கடை வால்வைத் திறக்க வைத்தார். கிருமியைக் கொல்லக் காய்ச்சிய குழம்பு நேராகக் கிருமித் தொட்டியில் விழுந்தது. மறுநாள் தொட்டி கறுத்து நாறியது. கால்வாய் முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பழி பய்யூமியின் தலையில் விழுந்தது. மூன்று மாதம் சஸ்பெண்ட். ஊர்க்காரர்கள் செத்த மீனைக் கூடை கூடையாக அவன் வாசலில் கொட்டினார்கள். அவன் வீடே தெரியவில்லை, புகைபோக்கி மட்டும் தெரிந்தது.

இந்த முறை ரமலான் பதினேழாம் நாள் இன்னொரு குழம்பு கெட்டது. பய்யூமி சாக்கடை வால்வின் இரும்புச் சக்கரத்தைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வால்வின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இன்னொரு தடவை தொட்டி செத்தால் வேலையும் இல்லை, ஊரும் இல்லை என்று என்னிடம் சொன்னான்.

பீரங்கிக்கு அரை மணி இருக்கும்போது நஷாத் ஆட்களோடு வந்தார். முன்னால் வந்தவன் ஸக்லூல், மூட்டை தூக்குகிறவன். அவனால் குனிந்துதான் வானத்துக்குக் கீழேயே நிற்க முடியும்.

"பய்யூமி, அதைக் குடுத்துட்டுப் போய்க் கை கழுவு. நோன்பு தொறக்கிற நேரமாச்சு," என்றார் நஷாத்.

"இங்கயே தொறந்துக்கறேன், இஞ்சினியரே. பேரீச்சம்பழம் சட்டைப்பையில இருக்கு."

"நோன்பு வச்ச மனுஷனைக் கை நீட்ட வைக்காதப்பா."

"நீங்களும் நோன்பா? அப்ப மத்தியானம் உங்க ரூம் ஜன்னல்தான் சிகரெட்டு குடிச்சுதா?"

ஸக்லூல் சிரித்துவிட்டான். நஷாத் அவன் பிடரியில் ஒன்று போட்டார். அங்கே ஆரம்பித்தது சண்டை.

நோன்போடு கெட்ட வார்த்தை பேசினால் நோன்பின் பலன் போய்விடும். அதனால் அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் மரியாதையாகக் கொன்றார்கள். தான் நோன்பாளி என்று அறிவித்துவிட்டு ஸக்லூல் பய்யூமியின் விலாவில் உதைத்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கு ஸ்டோர் வரை கேட்டது. தானும் நோன்பாளிதான் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் பய்யூமி சக்கரத்தைச் சுழற்றினான். ஸக்லூலின் முன்பற்கள் என் தகரக் கூரைமேல் ஆலங்கட்டியாகப் பொழிந்தன. ஒருவன் மூக்கு காதுப் பக்கம் போனது. இன்னொருவன் சுவரில் மோதினான், அங்கே இன்றைக்கும் அவன் உருவத்தில் பள்ளம் இருக்கிறது. காலர் ரத்தத்தில் நனைந்தது, தரை வழுக்கியது. ஒருவன் வாயிலிருந்தும் ஒரு வசவு வரவில்லை.

பீரங்கி வெடித்தது.

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பய்யூமி சட்டைப்பையிலிருந்த பழங்களை எடுத்து, ரத்தத்தைத் துடைத்து, தன்னை உதைத்தவர்களுக்கும் பங்கிட்டான். நோன்பாளிக்குப் பழம் மறுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஸக்லூல் பழத்தை வாயில் போடாமல் யோசித்தான்.

"அண்ணே, பீரங்கிக்கு முன்னாடி ரத்தம் முழுங்கிட்டேன். நோன்பு முறிஞ்சிருக்குமா?"

"வேணும்னு முழுங்கினியா?"

"உன் முழங்கை வாய்க்குள்ள இருந்துச்சு. நான் எங்க பாத்தேன்."

"அப்ப முறியாது, தின்னு."

ஸக்லூல் பல்லில்லாத ஈறால் சப்பித் தின்றான். தண்ணீர்க் குடம் ஒரு சுற்று வந்தது. கடைசி ஆள் குடித்து முடித்ததும் சண்டை தொடர்ந்தது. இப்போது நாக்குகளுக்கும் விடுதலை. அவர்கள் சொன்னதை எழுதினால் இந்தக் காகிதம் தீப்பிடிக்கும்.

பய்யூமி எப்படியோ திமிறி எழுந்து சக்கரத்தைத் தொட்டிக்குள் வீசினான். பத்தடிச் சேற்றுக்குள் அது முங்கிப்போனது. நஷாத் என்னிடம் ஓடிவந்து ஸ்டோரின் பெரிய குழாய் ஸ்பானரைக் கேட்டார். சாவியை விழுங்கிவிட்டேன் என்றேன். அவர் கதவை உடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்பானரை வால்வின் தண்டில் மாட்டினார். மாட்டிவிட்டு நின்றார். மூன்று நாட்டில் படித்தவர், ஆனால் வாழ்நாளில் ஒரு வால்வையும் கையால் திருப்பியதில்லை. திறக்கும் திசையைக் காட்டும் அம்புக்குறி அந்தச் சக்கரத்தில்தான் இருந்தது. திசை தெரிந்த ஆட்கள் அத்தனை பேரும் பய்யூமியின் மேல் குவியலாகக் கிடந்து கத்திக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் என்று நஷாத் கேட்டது அடியில் நசுங்கிக் கிடந்தவனுக்கு மட்டும்தான் காதில் விழுந்தது.

"இடது பக்கம், இஞ்சினியரே," என்றான் பய்யூமி.

நஷாத் சிரித்தார். "எங்கிட்டயேவா?"

வலது பக்கமாகத் திருப்பினார். ஏற்கனவே மூடியிருந்த வால்வு இன்னும் இறுகியது. முழு உடம்பையும் போட்டுத் தொங்கினார். துப்பாக்கி வெடித்த மாதிரித் தண்டு முறிந்தது. ஸ்பானர் சுழன்று வந்து அவர் தாடையில் இறங்கியது. அவர் மூன்று கருத்தரங்குகளில் பேச வேண்டிய வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இனி அந்த வால்வை அறுத்துத்தான் எடுக்க முடியும். குழம்பு காய்ச்சிய கொப்பரையை விட்டு அசையவில்லை. வெளியே போக மிஞ்சிய ஒரே வழி டேங்கர்தான்.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வெளியே நின்றது. பய்யூமியால் நடக்க முடியவில்லை. ஸக்லூல் அவனை முதுகில் தூக்கிக்கொண்டான். தொட்டியைத் தாண்டும்போது நிற்கச் சொல்லி, அது உயிரோடு நுரைத்துக்கொண்டிருப்பதைப் பய்யூமி எட்டிப் பார்த்தான்.

"ஏண்ணே அவர்கிட்ட நிஜத்தைச் சொன்ன?" என்று கேட்டான் ஸக்லூல்.

"பதினோரு வருஷமா இந்தத் தொட்டியப் பத்தி அவர்கிட்ட நிஜத்தைத்தான் சொல்லிட்டிருக்கேன். ஒரு நாளாச்சும் நம்பினாரா?"

ஸக்லூல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். விலா வலிக்கிறது, மெதுவாகச் சிரி என்று முதுகிலிருந்தபடியே பய்யூமி அவன் தலையில் குட்டினான்.