மூன்றாவது குழியில் ஏறிய சூடு

மே மாதம் பிறந்து மண்ணுக்குள் இறுகிக் கிடந்த பனி விட்டதும் ஆர்டித் பெல்க்கிக்கு வேலை வந்துவிடும். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் குளிர்காலத்தில் யார் செத்தாலும் உடனே புதைக்க முடியாது. கடப்பாரை போட்டாலும் தரை கல்லாக நிற்கும். செயின்ட் ரெமி கல்லறைத் தோட்டத்தின் ஓரத்திலிருந்த கல் அறையில் அந்த வருஷம் ஏழு பெட்டிகள் வசந்தத்துக்காகக் காத்திருந்தன. ஏழு குழியையும் தோண்ட ஆர்டித்திடம் இருந்தது ஒரே ஒரு பழைய பேக்ஹோ. முன்னால் மண் அள்ளும் தொட்டி, பின்னால் தோண்டும் கை, நடுவில் கிழிந்த சீட்டு. வண்டிக்கு நாற்பது வயது, அவளுக்கு ஐம்பத்திரண்டு.

முதல் இரண்டு குழிகள் ஆற்றுப் பக்கத்து மணலில் சுலபமாக முடிந்தன. மூன்றாவது குழி மேட்டில், களிமண்ணில். அன்றைக்கு வெயிலும் சேர்ந்துகொண்டது. நாலடி ஆழம் போனபோது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ஆர்டித் ஆக்சிலேட்டரைக் குறைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு எஞ்சினை நிறுத்தினாள்.

உதிரிபாகக் கடை மெர்ல், கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்காமலேயே தீர்ப்பு சொன்னான்.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். பேசாம காயலான் கடைக்கு அனுப்பிடு."

"நீ வண்டிய பாக்கவே இல்லையே மெர்ல்?"

"அந்த வயசு வண்டிக்கு எதுக்குப் பாக்கணும்?"

"உனக்கும் அதே வயசுதான். உன்னையும் அனுப்பிடலாமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி அவளை விடவில்லை. எஞ்சின் தலைக்கு அடியில் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கிற கேஸ்கெட் தகடு போயிருந்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி வர வேண்டும், வரவில்லை. ஆயில் பாலைப் போல வெளுத்திருக்க வேண்டும், கறுப்பாகவே இருந்தது. தண்ணீரும் குறையவில்லை. அப்படியென்றால் சூடு எங்கே போய் மாட்டிக்கொள்கிறது?

முதலில் முள்ளையே சந்தேகப்பட்டாள். மேப்பிள் பாகு காய்ச்சும்போது வைக்கிற நீளமான வெப்பமானியை எடுத்துப் போய், எஞ்சின் சூடேறத் தொடங்கும்போதே மூடியைத் திறந்து ரேடியேட்டரின் வாயில் விட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே கணக்கைத்தான் சொன்னன. முள் பொய் சொல்லவில்லை. பிறகு, எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வந்து அடுப்பில் சூடேறும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். நூற்றெண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டில் அது பூ விரிகிற மாதிரி மெதுவாகத் திறந்தது. அது திறப்பது அழகாக இருந்ததால் ஆறவைத்து இன்னொரு தடவை போட்டாள். அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ரேடியேட்டருக்கும் அதன் முன்னாலிருந்த ஆயில் கூலருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் சந்தோஷப்பட்டாள். வைக்கோல் தூசும் பாப்ளர் மரத்துப் பஞ்சும் கிரீஸில் ஒட்டி கம்பளிப் போர்வை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தன. அரை நாள் உட்கார்ந்து உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினாள். கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

கிடைக்கவில்லை. முன்பு பதினைந்து நிமிஷத்தில் சிவப்புக்குப் போன முள் இப்போது இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். மண் கொட்டிவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் முள் விறுவிறுவென்று இறங்கியது. வேலை கடினமாவதால் சூடாகிறதா, இல்லை சுற்று வேகமாவதால் சூடாகிறதா? இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்ததால் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதில்லை. புதன்கிழமை காலையில் தோண்டும் கையை மடக்கி வைத்து, ஒரு பிடி மண்கூட அள்ளாமல் எஞ்சினை மட்டும் முழு வேகத்தில் வைத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தாள். பாரம் இல்லாததால் மெதுவாகத்தான் என்றாலும், முள் ஏறியது. வேகம் கூடினால் தண்ணீரும் வேகமாக ஓட வேண்டும், காற்றாடியும் வேகமாகச் சுற்ற வேண்டும், சூடு குறைய வேண்டும். இது தலைகீழாக நடந்தது.

அந்த நேரத்தில்தான் லூசியன் வெலெட் சரளைக்கல் பாதையில் நடந்து வந்தார். அறுபத்தாறு வயது. கையில் ஃபாயிலில் சுற்றிய ப்ளாய் அப்பம். கல் அறையிலிருந்த ஏழு பெட்டிகளில் ஒன்று அவர் மனைவி ஒடீலுடையது. ஜனவரியில் போனவள். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பாதிரியார் வருவதாக இருந்தது. பேக்ஹோவை ஆர்டித்துக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் விற்றவரும் அவர்தான்.

"குழி ஆயிடுச்சான்னு கேக்க வரல," என்றார் வந்ததும்.

"கேக்கத்தான் வந்திருக்கீங்க. இன்னும் ஆகல லூசியன். மன்னிச்சுக்குங்க. காரிபூ டவுன்லேருந்து வேற வண்டி கூப்பிட்டேன், ரெண்டு வாரம் ஆகுமாம்."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"சாப்பிடு. நின்னுகிட்டே வண்டியப் பத்தி சொல்லு."

மென்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பாத்திரத்தில் தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கவைத்ததைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"தண்ணி பம்ப்?"

"பெல்ட் இறுக்கமா இருக்கு. மெதுவா ஓடும்போது தண்ணி நல்லா சுத்துது. பம்ப் போயிருந்தா அப்பவும் சூடாகணும்ல?"

"ஆமா. அப்ப வேகத்துல மட்டும் என்னமோ நடக்குது."

"அதான். அது என்னன்னு..." ஆர்டித் மெல்லுவதை நிறுத்தினாள். "லூசியன், நீங்க மேல ஏறி உக்காருங்க. நான் சொல்றப்ப ரேஸ் குடுங்க."

"நீ என்ன பண்ணப் போற?"

"பாக்கப் போறேன். இத்தன நாளும் வேகமா ஓடும்போது நான் சீட்டுலதான் இருந்திருக்கேன். கீழ எறங்கறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறேன். அது வேகமா ஓடறத நான் ஒரு தடவகூட பக்கத்துல நின்னு பாத்ததில்ல."

பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமுடியைத் தொப்பிக்குள் சொருகி, காற்றாடிக்கு எட்டாத தூரத்தில் மண்டியிட்டாள். லூசியன் பழகிய கையால் எஞ்சினைக் கிளப்பினார்.

"குடுங்க!"

எஞ்சின் இரைந்தது. ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகிற தடித்த ரப்பர் குழாய், ஸ்ட்ராவில் குழந்தை உறிஞ்சினால் ஒட்டுவதைப் போல, அவள் கண்முன்னாலேயே மெல்ல மெல்ல வயிறு ஒட்டித் தட்டையானது.

"கொறைங்க!"

குழாய் மூச்சு விட்டதைப் போல உப்பி முழு உருண்டையாகிவிட்டது. சாதுவாக நின்றது.

"மறுபடியும் குடுங்க!"

தட்டை. உருண்டை. தட்டை. ஆர்டித் நாலு தடவை செய்ய வைத்தாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அது சோதனை இல்லை, வெறும் ஆனந்தம். நிறுத்திப் பார்த்தபோதெல்லாம் ஒழுங்குப் பிள்ளையாக நின்ற குழாய், முதுகுக்குப் பின்னால் இத்தனை நாளும் இந்த வேலை பார்த்திருக்கிறது!

லூசியன் இறங்கி வந்தார். அவளை மேலே ஏறச் சொல்லி, தானும் மண்டியிட்டுப் பார்த்தார். எஞ்சின் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இந்த ஹோஸ நான்தான் மாட்டினேன்," என்றார் கடைசியில். "விக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. பழைய ஹோஸ் உள்ள ஒரு கம்பிச் சுருள் இருந்துச்சு. துருப்பிடிச்சுத் துண்டு துண்டா வந்துச்சு. புதுசுல சுருள் இல்ல. அப்படியே மாட்டிட்டேன்."

"அந்தச் சுருள்தான் அத ஒட்டாம தாங்கிட்டிருந்திருக்கு."

"ஒடீல் அப்பவே கேட்டா, தெரியுமா? டார்ச் புடிச்சுகிட்டு பக்கத்துல நின்னா. 'சும்மாவா உள்ள கம்பி வெப்பாங்க, அது எதுக்கு'ன்னா. ஃபேக்டரில வடிவம் கலையாம இருக்க வெச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டேன். எனக்கே தெரியாதுன்னு சொல்ல வாய் வரல." கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ நம்பல. ஒரு வாரம் அதையே கேட்டுட்டிருந்தா."

ஆர்டித் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப ஏழு வருஷம் எப்படி ஓடுச்சு?"

அவர் முகம் மாறியது. அதுவும் நல்ல கேள்விதான். இருவரும் குழாயை அமுக்கிப் பார்த்தார்கள். பழுத்த பழம் மாதிரி விரல் உள்ளே போனது. புது ரப்பருக்கு விறைப்பு இருந்திருக்கும், சூட்டிலும் எண்ணெயிலும் ஊறி ஊறி இப்போதுதான் தளர்ந்திருக்கிறது என்றார் லூசியன். வெளியே அடைத்திருந்த பஞ்சு எஞ்சினை இன்னும் சூடாக்கி அதை வேகப்படுத்தியிருக்கும் என்றாள் ஆர்டித். ஒரு குற்றத்துக்கு இரண்டு கூட்டாளிகள்.

மெர்லிடம் அந்த அளவில் புதுக் குழாய் இருந்தது, சுருள் இல்லை. "ஹெட் கேஸ்கெட் இல்லையா?" என்று மட்டும் கேட்டான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. லூசியன் தன் கராஜில் உட்கார்ந்து துருப்பிடிக்காத கம்பியை இரும்புக் குழாயின் மேல் சுற்றினார். முதல் சுருள் தளர்வாக வந்தது, இரண்டாவது குழாய்க்குள் போகாமல் மாட்டியது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது.

வியாழன் மத்தியானம் மேட்டில் நின்றுபோன மூன்றாவது குழியை ஆர்டித் முடித்தாள். முள் நூற்றெண்பத்தைந்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அடுத்தது ஒடீலுடையது.

"நீங்க தோண்டறீங்களா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கலாமா என்று காலையிலிருந்தே யோசித்திருந்தாள்.

லூசியன் சீட்டைப் பார்த்தார். "வேணாம். நான் தோண்டற குழி எப்பவும் ஒரு பக்கம் சாஞ்சிருக்கும்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா. நீயே தோண்டு. நான் முள்ளப் பாத்துக்கறேன்."

வண்டியின் பக்கத்துப் படியில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு பெரிய பாறை வந்தபோதுகூட அவர் குழிக்குள் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "நூத்தி எண்பத்தஞ்சு" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை தூறல். குழியின் சுவர்கள் நேராக நின்றன. பாதிரியார் சுருக்கமாக முடித்தார். எல்லோரும் கார்களுக்குத் திரும்பிய பிறகு, கோட்டும் டையுமாக இருந்த லூசியன் பேக்ஹோ நின்ற இடத்துக்கு வந்தார். ஆர்டித் ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவரோ குனிந்து, தோண்டும் கைக்குக் கீழே ஈரப் புல்லில் வானவில்லாகப் படர்ந்திருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கேருந்து சொட்டுது?"

"தெரியலையே," என்றாள் ஆர்டித். அவர் பக்கத்தில் அவளும் குனிந்தாள்.