ஒரு கை மட்டும்

சோதிலிங்கத்துக்கு மரகதம் கற்றுக்கொடுத்த முதல் சிங்கள வாக்கியம் ‘அத் தெகம உஸ்ஸன்ன’. இரண்டு கையையும் தூக்குங்கள். கண்டி வாவியைச் சுற்றி நடந்துகொண்டே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சொல்லித்தந்தாள்.

“மொதல்ல இதுதான் வேணும். சோதனைச் சாவடியில ஆமிக்காரன் இதைச் சொல்றப்ப நீங்க முழிச்சுக்கிட்டு நின்னா, அப்புறம் மத்த பாடத்தையெல்லாம் நான் யாருக்கு நடத்துறது?”

“ஓம்,” என்றான்.

“ஓமா? இங்க என்ன பூசையா நடக்குது? ஆமான்னு சொல்லுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூச்சை உள்ளே இழுத்து, விக்கல் போல ஒரு கணம் தடுக்கி, அதன் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வரும். வாவிக் கரையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் யாழ்ப்பாணத்துக்காரன். பேராதனையில் படிக்க வந்தவன். சண்டையில் ஊருக்குப் போகும் பாதை அடைபட்டதும் இங்கேயே தங்கி, சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தான். அவள் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவனுடைய உத்தியோகம் நிரந்தரமாவதற்குச் சிங்களப் பரீட்சை பாஸாக வேண்டும். எனவே கலியாணமான கையோடு அவளே ஆசிரியை ஆனாள். கை, கால், தலை என்று தன்னையே தொட்டுக் காட்டுவாள். சரியாகச் சொன்னால் அவனுக்குக் கடலை. பிழைத்தால் கடலையை அவளே தின்றுவிடுவாள். தொடக்கத்தில் பெரும்பாலும் அவள்தான் தின்றாள்.

பரீட்சை முடிவு வந்தபோது அவள் இல்லை. மார்பில் கட்டி. வயது இருபத்தொன்பது.

பெண்கள் வாட்டில் திரைக்கு வெளியேதான் அவனை நிற்கவிட்டார்கள். உள்ளே டொக்டர் அவளோடு சிங்களத்தில் நெடுநேரம் பேசுவது கேட்கும். படித்த பாடத்தில் இல்லாத சொற்களாக இருக்கும். பிறகு அவள் வெளியே வந்து மொழிபெயர்ப்பாள். அது எப்போதும் ஒரே வரி.

“பெருசா ஒண்ணும் சொல்லல. மாத்திரையைத் தவறாம போடச் சொன்னாரு.”

அவள் போன பிறகு அவன் வேலைக்குப் போனான், வந்தான், சோறு வடித்தான், தின்றான். அழவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவன் தேறிவிட்டான் என்றார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, தோட்டங்களிலும் சுகவனிதையர் கிளினிக் நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு, கட்டி ஏதும் இருக்கிறதா என்று மார்பைத் தொட்டுப் பார்க்கும் கிளினிக். தமிழ்ப் பிரதியை அவன்தான் தட்டச்சு செய்தான். முப்பத்தைந்து என்ற இடத்தில் விரல் நிற்கும் என்று நினைத்தான். நிற்கவில்லை.

நகரத்தில் அது நன்றாக நடந்தது. தோட்டத்தில் படுத்துவிட்டது. டொக்டர் நோனா என்று எல்லோரும் கூப்பிடும் பெண் வைத்தியரும், மிஸ்ஸி என்கிற மருத்துவிச்சியும் சிங்களவர்கள். கையைத் தூக்கச் சொன்னால், பெண்கள் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். கண்டிக்குப் போகும் வழிச் சாவடிகளிலெல்லாம் அப்படித்தானே நின்று பழக்கம். ஒருத்தி அடையாள அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டே நின்றாளாம். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். அடுத்த மாதம் யாரும் வரவில்லை.

தமிழ் தெரிந்த பெண் அலுவலகத்தில் ஒருத்தரும் இல்லை. டொக்டர் நோனா சோதிலிங்கத்தைக் கூப்பிட்டார்.

“நீங்கள் திரைக்கு வெளியே இருங்கள். குரல் போதும்.”

போக வேண்டிய தோட்டம் மரகதத்தின் தோட்டம். செத்தவீட்டுக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போனதில்லை.

ஜீப்பில் போகும்போது மிஸ்ஸி அவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மரகதத்தின் அக்கா ரத்தினம்மா கிளினிக்குக்கு வர மாட்டேன் என்கிறாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போன தங்கச்சி நடந்து திரும்பி வரவில்லை, தனக்கு மட்டும் என்ன என்கிறாள். ஆனால் போன கிழமை தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் மிஸ்ஸியை நிறுத்தி, அரைகுறைச் சிங்களத்தில் ஒன்று கேட்டாளாம். தங்கச்சிக்கு முதலில் வலி இருந்ததா?

“சும்மா கேட்கிற கேள்வி இல்லை அது,” என்றார் மிஸ்ஸி. “அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. மரகதத்துக்கு வலி இருந்ததா?”

அவனுக்குத் தெரியவில்லை. மரகதம் சொல்லவில்லை.

ரத்தினம்மா அவன் முன்னால் ஒருநாளும் சரியாக நின்றதில்லை. கலியாணமான புதிதில் அவன் “மச்சாள்” என்று கூப்பிட, லயமே சிரித்தது. “மதினின்னு கூப்பிடுங்க, பாவம், அக்கா வெக்கத்துல அடுப்புக்குள்ள போயிரும்,” என்றாள் மரகதம். அதற்குப் பிறகும் ரத்தினம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் தேத்தண்ணியை நீட்டுவாள். அவன் குரல் இருக்கும் இடத்துக்கா வரப்போகிறாள்?

வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் கிளினிக் நடந்தது. பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, மூலையில் கம்பளி ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அவனுக்கு உட்காரப் பிள்ளைகளின் குட்டை வாங்கு. முகம் சுவரைப் பார்க்க வேண்டும். சுவரில் மஞ்சள் மூக்கோடு ஒரு கிளி வரைந்திருந்தது.

“மாப்ள, திரும்பி உக்காந்தாச்சா?” என்றது பேச்சியம்மாவின் குரல். கொழுந்து பறிக்கும் மலையில் எல்லோரையும் வம்புக்கு இழுக்கும் கிழவி. அவள்தான் பெண்களை ஒவ்வொருத்தராகக் கூட்டி வந்தாள்.

“ஓம்.”

“கண்ணையும் மூடிக்கங்க. கிளி பாத்து நமக்குச் சொல்லிரும்.”

அந்தப் பக்கம் சிரிப்பு.

டொக்டர் நோனா சிங்களத்தில் சொல்ல, அவன் கிளியைப் பார்த்துத் தமிழில் சொன்னான். கம்பளிக்குப் பின்னால் இரண்டு கையிலும் வளையல்கள் ஒன்றாகக் குலுங்கின.

“ரெண்டு கையும் இல்லை. இது செக்பொயின்ட் இல்லை. ஒரு கை மட்டும். தலைக்கு மேல.”

தூக்கிய ஒரு கையின் வளையல் முழங்கைக்குச் சரிந்து இறங்கியது.

“நோகுதோ?”

“நோகுதோவாம்,” என்றாள் பேச்சியம்மா. “என்னா பாஷைடி இது?”

“வலிக்குதா?” என்று திருத்தினான். அதற்குப் பிறகு மரகதத்தின் தமிழிலேயே பேசினான். மூச்ச இழுத்து விடுங்க. பயப்படாதீங்க. இப்ப மத்த கை. இரண்டு மொழியும் அவளிடம் வாங்கியதுதான். வாவிக் கரைக் காற்றும் கடலை வாசமும் நினைவுக்கு வந்தன. நெடுநாளைக்குப் பிறகு வந்தன.

கடைசியாக வந்தவள் வாயே திறக்கவில்லை.

“பேர் என்ன?” என்று கேட்டான்.

“பேரா?” பேச்சியம்மா முந்திக்கொண்டாள். “என் பேரையே இன்னொரு தரம் எழுதிக்கங்க.”

“வயசு?”

“முப்பத்தெட்டு.”

“உங்களுக்கா பாட்டி?”

“ஏன், எனக்கு இருக்கக் கூடாதா?”

அப்போது கேட்டது. மூச்சு உள்ளே போய், விக்கல் போல ஒரு தடுக்கல். சிரிப்பு வெளியே வருவதற்குள் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சோதிலிங்கம் கிளியின் மூக்கைப் பார்த்தான். ரத்தினம்மா என்று பெயரைச் சொன்னால் அவள் கம்பளியை விலக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். அவன் சொல்லவில்லை.

“ஒரு கை மட்டும். தலைக்கு மேல.”

வளையல் இறங்கியது. அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிட்ட இழுபட்டது.

“வலிக்குதா?”

“இல்லையாம்,” என்றாள் பேச்சியம்மா. அவள் குரலில் விளையாட்டு போய்விட்டது.

டொக்டர் நோனா பேசினார். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் அவனும் நிறுத்தி, ஒன்றும் விடாமல் சொன்னான்.

“இடப் பக்கம் ஒரு கட்டி இருக்கு. சின்னது. இப்படிக் கட்டியில நெறைய ஒண்ணுமில்லாததுதான். ஆனா கையால பாத்து அதைச் சொல்ல ஏலாது. ஆஸ்பத்திரியில ஊசி வச்சுப் பாக்கணும். கூடாததா இருந்தா, இந்த அளவுல புடிச்சா வைத்தியம் பண்ணலாம். தள்ளிப்போடக் கூடாது.”

சேலை சரசரத்தது. அவள் போகப்போகிறாள்.

“இது டொக்டர் சொன்னதில்லை. நான் சொல்லுறன்,” என்றான். பதற்றத்தில் அவனுடைய சொந்தத் தமிழ் வந்துவிட்டது. “திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்குச் சந்தியில நிப்பன். முன் சீட்டில இருப்பன். திரும்பிப் பாக்க மாட்டன். பேரும் கேக்க மாட்டன். அங்க டொக்டர் சொல்லுறதைச் சொல்லித்தர ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.”

“யாருகிட்டப் பேசுறீங்க மாப்ள?” என்றாள் பேச்சியம்மா. “இங்க நான் மட்டுந்தான் இருக்கேன்.”

திங்கட்கிழமை பனி இறங்கியிருந்தது. முதல் நாளிரவே தெல்தோட்டையில் வந்து தங்கியிருந்தவன், சந்தியில் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தான். தோட்டத்து நிறுத்தத்தில் பின் கதவால் சிலர் ஏறினார்கள். சொன்னபடி திரும்பவில்லை. பின்னால் பேச்சுக் குரல்கள் கேட்டன. எது யாருடையது என்று தெரியவில்லை. வளைவுக்கு வளைவு கழுத்து வலித்தது.

கண்டிக்கு முந்திய சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ரோட்டோரம் வரிசையில். பெண்கள் சாக்கு மறைப்புக்குப் பின்னால், பொலிஸ்காரியிடம். அவன் முறை வந்தது. இரண்டு கையையும் விரித்து நின்றான். ஆமிக்காரன் சட்டைப் பையைத் தடவினான்.

சாக்குக்குப் பின்னால் வளையல் குலுங்கி இறங்கியது. ஒரு கை வளையல் மட்டும்.

“அத் தெகம, அம்மே,” என்றாள் பொலிஸ்காரி. குரலில் எரிச்சலை விட ஆச்சரியம்தான் இருந்தது. “அத் தெகம உஸ்ஸன்ன.”

பிறகு மூச்சு உள்ளே போனது, தடுக்கியது. இந்த முறை யாரும் வாயைப் பொத்தவில்லை. சிரிப்பு ரோடு வரைக்கும் வந்தது. வாவிக் கரையில் கேட்ட அதே சிரிப்பு.

“எதுக்குச் சிரிக்கிறாய்?” என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். அப்போதுதான் தான் சிரிப்பது சோதிலிங்கத்துக்குத் தெரிந்தது. கன்னம் நனைந்திருப்பதும் தெரிந்தது. கை இரண்டும் விரிந்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

“ஒன்றுமில்லை ஐயா,” என்றான், சுத்தமான சிங்களத்தில்.

திரும்பவும் பஸ்ஸில் ஏறியபோது ரத்தினம்மா முன் கதவால் ஏறினாள். அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டது. நகரம் தெரியத் தொடங்கியபோது அவன் முதுகுக்குப் பின்னால் பேசினாள்.

“தம்பி.”

“ஓம் மதினி.”

“டொக்டர் சொல்றதை எல்லாத்தையும் சொல்லிறணும். அவளை மாதிரி பாதியை முழுங்கக் கூடாது.”

“ஓம்.”

“ஆமான்னு சொல்லுங்க,” என்றாள் ரத்தினம்மா.